சிறந்த போர்ப் படம் எது? ஓய்வுபெற்ற சேப்பர் ஒருவரின் பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். நண்பர்கள் மூவருக்குள் வாக்குவாதமாம். ‘பார்டர்’ படத்தில் காட்டியது அத்தனையும் அப்படியே நடந்தது என்கிறார் ஒருவர். ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தில் ஒரு பிழையைக்கூடக் காட்ட முடியாது என்று அடித்துச் சொல்கிறார் இன்னொருவர். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்துக்கு மேல் ஒரு போர்ப் படம் கிடையாது என்பது மூன்றாமவர் கட்சி. எது சிறந்த படம், எது சரித்திரத்துக்கு உண்மையான படம் என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றும் பார்க்க வேண்டிய படங்கள். மூன்றிலும் பொய் உண்டு. பொய்யின் எடைதான் வேறு. துப்பாக்கி மாடல் மாறிவிட்டது, தோள்பட்டையில் இருக்கும் சின்னம் தவறு என்று பட்டியல் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. களத்தில் யார் இருந்தார்கள், யார் செய்தார்கள், யார் செத்தார்கள் என்பதில் கைவைத்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

நான் மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்து ஓய்வுபெற்றவன். ராணுவத்தில் பாலம் போடுவது, பாதை திறப்பது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் எங்கள் வேலை. வேலூர்ப் பக்கம் இதை விளக்க வேண்டியதில்லை. கணியம்பாடியை ஒட்டிய கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். இந்த ஊரில் போர்ப் படம் ஓடினால் பின்வரிசையில் யாராவது ஒரு பெரியவர் ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பை எழுத்தில் போட்டதாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘பிரைவேட் ரையன்’. 1998இல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கர்கள் இறங்கிய காட்சிதான் படத்தின் உயிர். அதைப் பார்த்த பழைய வீரர்கள் பலர் நிலைகுலைந்து போனார்கள். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை அவர்களுக்கென்றே ஒரு தொலைபேசி உதவி எண் திறக்க வேண்டிவந்தது. அந்த இருபத்துச் சொச்ச நிமிடத்துக்கு ஈடாக இன்னொரு சண்டைக் காட்சியை என்னால் சொல்ல முடியாது.

அந்தக் காட்சிக்குள் நம் பக்கத்துச் சரக்கு ஒன்று இருக்கிறது. கூழாங்கல் மேட்டுக்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கும் கேப்டன் ‘பெங்களூர்’ என்று கத்துவார். அவர் கேட்பது பெங்களூர் டார்பிடோ. 1912இல் பெங்களூரில், மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. அடைத்த வெடிமருந்துடன் கூடிய இரும்புக் குழாய், ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஒன்றின் வாயில் அடுத்ததைப் பொருத்திக்கொண்டே போகலாம். முன்முனையில் மழுங்கிய மூக்கு ஒன்று மாட்டுவார்கள், மண்ணிலும் முள்கம்பியிலும் சிக்காமல் நழுவிப் போவதற்காக. படுத்த வாக்கில் வேலிக்கு அடியில் தள்ளி, பின்முனையில் பற்றவைத்துவிட்டு முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெடித்ததும் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறக்கும். படத்தில் தலையைத் தூக்க முடியாமல் குழாயோடு குழாயைப் பொருத்தித் தள்ளுகிறார்களே, அந்தக் கை வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிழையே இல்லை என்பது மட்டும் செல்லாது. அதே கடற்கரையில் சாய்வாக நட்ட மரக்கட்டைகளைப் பாருங்கள். அலை ஏறியிருக்கும் நேரத்தில் வரும் படகு அதன்மேல் வழுக்கி ஏறிக் கவிழ வேண்டும், இல்லையேல் உச்சியில் கட்டிய வெடியில் மோத வேண்டும் என்பது ஜெர்மானியர் போட்ட கணக்கு. அதற்குக் கட்டையின் தாழ்ந்த முனை கடல் பக்கம் இருக்க வேண்டும். படத்தில் திருப்பி நட்டுவிட்டார்கள். பிற்பகுதியில் வரும் டைகர் டாங்கி உண்மையில் ரஷ்யாவின் டி-34 மேல் கட்டிய வேஷம். அந்தப் பிற்பகுதியே கற்பனை. ராமெல் என்று ஒரு ஊர் கிடையாது. சகோதரர்களைப் போரில் இழந்த ரையனைத் தேடி ஒரு குழு போவதுதான் கதை. அதற்கு அடிப்படையான நிஜ நைலண்ட் சகோதரர்கள் விஷயத்தில் அப்படி ஒரு குழு எதிரி வசமிருந்த பகுதிக்குள் அலையவில்லை. பிழைத்தவரைக் கண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். இறந்துவிட்டதாக நினைத்த இன்னொரு சகோதரர் பர்மாவில் ஜப்பானியச் சிறையிலிருந்து பிற்பாடு உயிரோடு திரும்பினார்.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். ஒன்றை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: படத்துக் கேப்டன் சேர்ந்திருந்த ரேஞ்சர் என்ற அமெரிக்க அதிரடிப் படையைக் கரைக்கு ஏற்றி வந்த படகுகளை ஓட்டியவர்கள் பிரிட்டிஷ் கடற்படையினர். படத்தில் அவர்களும் அமெரிக்கர்களாகிவிட்டார்கள். அதற்கு நேர்மாறாக, அதே படம் ஒரு சின்ன இடத்தில் வியக்க வைக்கும் நேர்மையைக் காட்டுகிறது. கைகளைத் தூக்கிக்கொண்டு வரும் இரண்டு பேரை அமெரிக்கர்கள் கேலி செய்துவிட்டுச் சுடுகிறார்களே, அவர்கள் பேசுவது ஜெர்மன் மொழி இல்லை, செக் மொழி. நாங்கள் செக் நாட்டவர், யாரையும் சுடவில்லை என்கிறார்கள். வசனத்துக்கு மொழிபெயர்ப்பு வராது. ஜெர்மன் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட பல நாட்டவர் அங்கே நின்றார்கள் என்ற உண்மையை இயக்குநர் அப்படிப் புதைத்து வைத்திருக்கிறார்.

அடுத்து ‘பார்டர்’. 1997இல் ஜே.பி. தத்தா எடுத்தது. 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தானின் லோங்கேவாலா காவல் சாவடி. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் 23வது பஞ்சாப் பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 120 பேர், எதிரே பாகிஸ்தானின் சுமார் நாற்பது டாங்கிகளும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களும். இந்த அடிப்படை உண்மை. ஆனால் படத்தில் நம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். நிஜத்தில் இறந்த இந்திய வீரர்கள் இரண்டு பேர். படத்தில் வீரமரணம் அடைகிற எல்லைப் பாதுகாப்புப் படையின் பைரோன் சிங், ஜோத்பூரில் 2022 வரை உயிரோடு இருந்தார். திரையில் தன் சாவைப் பார்த்துவிட்டுக் கால் நூற்றாண்டு வாழ்ந்த மனிதர்! அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

டாங்கிகளை அழித்ததில் பெரும்பங்கு விமானப்படையுடையது. ஜெய்சல்மேரிலிருந்த ஹன்டர் விமானங்களுக்கு இரவில் பார்த்துத் தாக்கும் வசதி இல்லை. விடிந்ததும்தான் வந்தன. வந்த பிறகு திறந்த மணல்வெளியில் டாங்கிகளுக்கு ஒளிய இடமில்லை. இரவு முழுவதும் அந்தக் கம்பெனி செய்த வேலை என்னவென்றால் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பொழுதைக் கடத்தியது. அது சின்ன வேலை இல்லை. அதில் ஒரு சேப்பருக்கு இனிக்கிற பகுதி உண்டு. சாவடிக்கு மிக அருகே வந்துவிட்ட டாங்கிகள் ஒரு முள்கம்பி வேலியைக் கண்டு நின்றுவிட்டன. கம்பி இருந்தால் பின்னால் கண்ணிவெடி வயல் இருக்கும் என்பது எந்த ராணுவத்துக்கும் பாலபாடம். பொறியாளர்களை வரவழைத்தார்கள். அவர்கள் இருட்டில் மணலைக் குத்திக் குத்திப் பார்த்து, கீழே எதுவும் இல்லை என்று சொல்வதற்குள் சுமார் இரண்டு மணி நேரம் போய்விட்டது. விடியலை நம்பியிருந்த ஒரு கம்பெனிக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிய வரம்! குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகப் பிடித்து, விரல் நுனியில் தட்டுப்படுவது கல்லா வெடியா என்று உணர்ந்து, ஒரு சாண் முன்னேறி மறுபடி குத்தும் அந்த வேலையை நேரில் செய்தவனுக்குத்தான் எதிரிப் பொறியாளனின் அந்த இரவு புரியும். நான் படம் எடுத்திருந்தால் இடைவேளைக்குப் பிறகு அரைமணி நேரம் இதைத்தான் காட்டியிருப்பேன். வசூல் போயிருக்கும், அது வேறு விஷயம்.

‘ரிவர் குவாய்’ பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. டேவிட் லீன் 1957இல் எடுத்தது. ஏழு ஆஸ்கர் வாங்கியது. நடிப்பு, கதைக்கட்டு, கடைசிக் காட்சி எல்லாமே உச்சம் என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் ஒருவர் கட்டுப்பாட்டின் பெயரால் எதிரிக்கே நல்ல பாலம் கட்டிக் கொடுக்கிறார், கமாண்டோக்கள் அதைத் தகர்க்கிறார்கள் என்பது கதை. நிஜத்தில் அந்த இடத்தில் மூத்த அதிகாரியாக இருந்தவர் பிலிப் டூசி. அவர் தன் ஆட்களைக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரர். வேலையை எவ்வளவு தாமதப்படுத்த முடியுமோ அவ்வளவு செய்தார்கள். மரக்கட்டைகளில் கறையானைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பாலமும் ஒன்றில்லை, இரண்டு: ஒரு மரப்பாலம், ஒரு இரும்புப் பாலம். இரண்டையும் கமாண்டோ யாரும் தகர்க்கவில்லை. 1945இல் விமானக் குண்டுவீச்சில்தான் சேதமாயின. படப்பிடிப்பு நடந்தது பாலம் இருந்த சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) இல்லை, இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல்.

பாலம் எப்படி விழுந்தது என்பதில் செய்த மாற்றத்தைக் கதைக்காக என்று விட்டுவிடுவேன். விட முடியாதது வேறு. சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர் ஆகியோரோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் ஏராளம். அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் முக்கியமானது வட ஆற்காடு. புரிகிறதா, தம்பி? அந்தத் தண்டவாளத்தில் கிடந்தவர்களில் நம் ஊர்ச் சனம் இருந்தது.

கூலி உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டி அழைத்துப் போனார்கள். ஆள் போதாதபோது பிடித்து ஏற்றினார்கள். இலவசமாகச் சினிமா காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, அப்படியே ரயிலுக்கு ஓட்டிப் போனதையும் பதிவு செய்திருக்கிறார்கள். போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், யார் எந்த முகாமில் இறந்தார் என்று குறித்துவைக்க ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு எதுவுமே இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக விழுந்தார்கள். இன்று காஞ்சனபுரி போனால் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை பிசகாமல், பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்பட்டு இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. உலகமே கொண்டாடிய அந்தப் படத்திலும் அவனுக்கு இடமில்லை. ஜப்பானியரும் வெள்ளையரும் மோதிக்கொண்ட ஏதோ ஒரு தனிப்பட்ட தகராறு போல அந்த ரயில் பாதை உலகத்தின் நினைவில் தங்கிவிட்டது. கலையில் முதல் மதிப்பெண், கணக்கில் பூஜ்யம் என்று அந்தப் படத்துக்கு நான் போடுவது இதனால்தான்.

அதே கேள்வியோடு மற்றப் படங்களைப் பார்த்தால் வேலை சுலபம். ‘டன்கிர்க்’ படத்தில், 1940இல் பிரான்ஸ் கடற்கரையில் ஜெர்மானியரிடம் சிக்கிக்கொண்ட நேச நாட்டு வீரர்கள் 3,38,000 பேர் மீட்கப்பட்ட கதை வருகிறது. பிரான்ஸுக்குப் போயிருந்த இந்தியக் கோவேறு கழுதைக் கம்பெனிகள் வரவில்லை. பின்னால் நின்று ஜெர்மானியரைத் தடுத்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஓரமான இடந்தான். ‘யு-571’ பற்றிப் பேசவே எரிச்சல். ஜெர்மானியர் ரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்திய எனிக்மா கருவியை 1941 மே மாதம் யு-110 நீர்மூழ்கியிலிருந்து கைப்பற்றியது பிரிட்டிஷ் கப்பல் புல்டாக். அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை அப்போது. படம் அந்தப் பெருமையைத் தூக்கி அமெரிக்கர் கையில் கொடுத்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே அது பேச்சானது. ‘பேட்டன்’ படத்து டாங்கிகள் போருக்குப் பிந்தியவை, போகட்டும்.

சரித்திர நேர்மைக்கு மட்டும் பரிசு என்றால் 1970இல் வந்த ‘டோரா! டோரா! டோரா!’ படத்துக்குத் தருவேன். பேர்ல் துறைமுகத் தாக்குதலை அமெரிக்கப் பகுதி, ஜப்பானியப் பகுதி என்று இரு நாட்டு இயக்குநர்கள் தனித்தனியே எடுத்தார்கள். இரு பக்கத்து அலட்சியமும் கோளாறும் வரிசையாக வரும். கதாநாயகன் கிடையாது, அதனாலேயே பலருக்குச் சலிக்கும். வேடிக்கை பாருங்கள், அவ்வளவு கவனமான படத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது கடைசியில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி யாமமோட்டோ உறங்கும் அரக்கனை எழுப்பிவிட்டோம் என்கிற வசனத்தை. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை.

நமக்கும் அந்த நோய் உண்டு. 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் ஜாக்சன் துரையிடம் சிவாஜி முழங்கும் கிஸ்தி வசனம் சக்தி கிருஷ்ணசாமியின் பேனாவில் பிறந்தது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்த நிஜச் சந்திப்பு பதற்றமும் கைகலப்புமாக முடிந்தது. அந்த வசனத்தைப் பள்ளி மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள், அங்கே யாரோ குறிப்பெடுத்து வைத்திருந்ததைப் போல நம்புகிறோம். கலையாக அதை ரசிப்பதில் எனக்குத் தடையில்லை. இந்தப் படத்தைப் பொறுத்தவரை களத்தில் நின்றவன் களத்தில்தான் நிற்கிறான், கயத்தாறில் தூக்கில் தொங்கியவன்தான் தொங்குகிறான்.

சரி, சிறந்த படம்? எலெம் கிளிமோவ் 1985இல் எடுத்த சோவியத் படம் ‘கம் அண்ட் சீ’. பெலாரஸில் ஜெர்மானியர் கிராமம் கிராமமாக மக்களை உள்ளே வைத்துக் கொளுத்தியதை ஒரு சிறுவன் கண் வழியாகக் காட்டும். அப்படி எரிக்கப்பட்டவை 628 கிராமங்கள் என்று படத்தின் முடிவில் எழுத்தில் வரும். அந்தச் சிறுவனின் முகம் இரண்டு மணி நேரத்தில் கிழவன் முகமாகிவிடுகிறது. கதையின் கிராமம் கற்பனை, சம்பவம் கற்பனை இல்லை. களத்தில் யார் செத்தார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நேராகப் பதில் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டுப் பார்க்காதீர்கள், வீட்டில் குழந்தைகளோடும் பார்க்காதீர்கள். இரண்டாவது இடம் ஜெர்மன் படமான ‘தாஸ் பூட்’. நீர்மூழ்கிக்குள் வியர்வையும் காத்திருப்பும் சலிப்பும் பயமும் மாறி மாறி வரும் விதம் போர்க்காலத்து நாட்களின் நிஜ அளவு. சண்டை என்பது பெரும்பாலும் காத்திருப்புதான்.

கடைசியாக அந்தத் தம்பி ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: வேலூரில் நடந்த போரை யாராவது எடுத்தால் எப்படி இருக்கும்? எடுக்க வேண்டியது 1806 ஜூலை 10. கோட்டைக்குள் மெட்ராஸ் படையின் சிப்பாய்கள், வெள்ளையரின் 69வது ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகள், அரண்மனையில் காவலில் திப்புவின் குடும்பம். முந்தின நாள் அந்த வீட்டில் கல்யாணம். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பதித்த புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும் என்ற உத்தரவில் புகைந்தது அந்த இரவு வெடித்தது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு பறந்து வந்து, மதில் மேலிருந்து இறக்கிய கயிற்றைப் பிடித்து ஏறினார். பின்னால் வந்த பீரங்கி கதவைப் பிளந்தது. இது வரைக்கும் எந்த இயக்குநரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார், அவ்வளவும் சினிமாவுக்கென்றே அமைந்தது.

அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு காட்சிகளில்தான் படத்தின் யோக்கியதை தெரியும். ஒன்று, முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே அதிகாரிகளிடம் சொல்லி எச்சரித்தார். அவரைப் பைத்தியம் என்று ஒதுக்கினார்கள். இவரை வில்லனாக்கிவிடவும் கூடாது, வசதிக்காக மறைத்துவிடவும் கூடாது. மற்றது, கோட்டை மீண்டும் கைமாறிய பிறகு அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, வெள்ளைக்கார அதிகாரிகள் சுவரில் பந்தடித்து ஆடும் களத்தில் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். கதவைப் பிளந்த பீரங்கிகளோடு வந்த பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரியே அதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது கலங்காமல் பார்த்துக்கொண்டு நின்றதையும், பல ஆண்டு கழித்து அதை நியாயப்படுத்த முடியாமல் தடுமாறியதையும் அவர் மறைக்கவில்லை. கில்லஸ்பியைக் கயிற்றில் ஏற்றிவிட்டு அந்த ஆட்டக்களத்தைக் காட்டாமல் முடிக்கிற படத்துக்கு நான் டிக்கெட் வாங்க மாட்டேன்.